பேர் வைக்கிறதுக்கு முன்னாடி பாட்டைக் கேக்கணும்: ஒரு புது புஷ் கிரிக்கெட் அறிவியலுக்குள்ள வர்ற கதை

அரை சதுர மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு றெக்கை. மேல ஒரு கடுகை வச்சா அப்படியே மறைஞ்சு போயிடும். அந்தத் துணுக்கு றெக்கையை வச்சுக்கிட்டு ஒரு பூச்சி 110 டெசிபலுக்கு மேல சத்தம் போடுது, அதுவும் 15 சென்டிமீட்டர் தள்ளி மைக் வச்சு அளந்த கணக்கு, மரம் அறுக்கிற மெஷின் வாள் ஓடுற இடத்துல நிக்கிற அளவுக்குச் சத்தம்னு வச்சுக்கங்க. ஆனா அதுக்குப் பக்கத்துலயே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாலும் நம்ம காதுக்கு ஒண்ணுமே எட்டாது, ஏன்னா மனுஷக் காது நல்லா கேக்கிற வயசுலயே 20 கிலோஹெர்ட்ஸோட, அதாவது செகண்டுக்கு 20 ஆயிரம் அதிர்வோட நின்னுடும், இது பாடுறது 115, 125, 150 கிலோஹெர்ட்ஸ்ல.

மூணு நம்பர் சொன்னதுக்குக் காரணம் மூணு இனம். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகள்ல கிடைச்ச இந்த மூணையும் விவரிச்ச பேப்பர் 2014ல ப்ளோஸ் ஒன் இதழ்ல வந்துச்சு, ஃபேபியோ சாரியா, கிளென் மோரிஸ், ஜேம்ஸ் விண்ட்மில், ஜோசப் ஜாக்சன், ஃபெர்னாண்டோ மான்டியலெக்ரே சபாட்டான்னு அஞ்சு பேர் சேர்ந்து எழுதினது. பேரினம்னா நெருங்கின சொந்தமான இனங்களைச் சேர்த்து வைக்கிற கூட்டம், மூணும் தெரிஞ்ச எந்தப் பேரினத்துலயும் அடங்கல, அதனால புதுசா ஒரு பேரினமே உருவாக்கி சூப்பர்சோனஸ்னு பேர் வச்சாங்க. அப்ப வரைக்கும் பூச்சி, சிலந்தி, நண்டு வகையறா எதுலயும் பதிவான கூவல்கள்லயே உச்சமான சுருதி இதுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் அந்தப் பேர்தான். கால் நீளத்தையோ கலரையோ கிடைச்ச ஊரையோ வச்சு வைக்காம சத்தத்தை வச்சே பேர் வச்சிருக்காங்க. புஷ் கிரிக்கெட் விஷயத்துல அதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா இந்தக் குடும்பத்துல ஒரு இனத்தை விவரிக்கிறதுன்னா கண்ணால பாத்ததை எழுதினா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கும்.

முதல்ல இது என்ன பூச்சின்னு சொல்லிடுறேன். புஷ் கிரிக்கெட்னு இங்கிலாந்துல சொல்றதை அமெரிக்காவுல கேட்டிடிட்னு சொல்வாங்க, நம்ம ஊர்ல தனியா பேர் கிடையாது, பச்சை வெட்டுக்கிளின்னு மொத்தமா சொல்லிட்டுப் போயிடுவோம். மழை விட்ட ராத்திரியில வாசல் டியூப்லைட் பக்கத்துச் சுவத்துல இலை மாதிரி ஒண்ணு வந்து ஒட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, உடம்பை விட நீளமா நூல் மாதிரி ரெண்டு மீசை ஆட்டிக்கிட்டு, அதுதான். வயல்ல பயிரைத் திங்கிற வெட்டுக்கிளிக்கு மீசை குட்டையா தடியா இருக்கும், இதுக்கு முடி மாதிரி மெலிசா நீண்டுக்கிட்டே போகும், பிரிச்சுப் பாக்க அது ஒண்ணு போதும். பொட்டைப் பூச்சியா இருந்தா பின்னாடி அரிவாள் மாதிரியோ கத்தி மாதிரியோ ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், கொட்டுமோன்னு பயப்படுவாங்க, அது முட்டை வைக்கிற உறுப்பு, கொட்டாது. உலகம் பூரா இதுவரைக்கும் பேர் வச்சதே 8,000 இனத்துக்கு மேல இருக்கு, வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது.

அந்த மாதிரி ஒண்ணு சுவத்துல நிக்கும்போது ஒரு லென்ஸ் எடுத்து முன்னங்காலைப் பாருங்க. முட்டிக்குக் கொஞ்சம் கீழ, கால் லேசா உப்பின மாதிரி இருக்கிற இடத்துல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கீறல் தெரியும், சில வகையில முட்டை வடிவத்துல ஒரு சவ்வு அப்படியே வெளிய தெரியும். காது அதுதான். இந்தக் காதுக்குத் தலையில இடமில்ல, காலுல இருக்கு. நான் முதல் தடவை பாத்தப்போ பூச்சி காலைத் தூக்கி மெதுவா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வச்சுக்கிட்டு இருந்துச்சு, நடக்கப் பாக்குதுன்னுதான் நினைச்சேன், அப்புறம்தான் உறைச்சுது, அது கால் வைக்கிற இடத்தையெல்லாம் கேட்டுக்கிட்டும் இருக்குன்னு.

சரி, பாட்டு எப்படி வருது. தொண்டையிலிருந்து இல்ல, றெக்கையிலிருந்து. இடது றெக்கை மேல இருக்கும், வலது றெக்கை கீழ இருக்கும். இடது றெக்கையோட அடிப்பக்கத்துல ஒரு நரம்பு மேல வரிசையா பல் பல்லா இருக்கும், அரம் மாதிரி. வலது றெக்கையோட விளிம்பு அந்த அரத்து மேல உரசிக்கிட்டு போகும்போது ஒவ்வொரு பல்லும் ஒரு தட்டு தட்டும், அந்தத் தட்டெல்லாம் வலது றெக்கையில இருக்கிற கண்ணாடி மாதிரி சவ்வை அதிர வைக்கும். சீப்போட பல் மேல நகத்தை வேகமா இழுத்தா வருமே ஒரு சத்தம், அதே வேலைதான், ஆனா ஒரு செகண்டுல ஆயிரக்கணக்கான தட்டு. சுவர்க்கோழிக்கும் இதே ஏற்பாடுதான், அதுக்கு மட்டும் பெரும்பாலும் வலது றெக்கை மேல வந்துடும்.

சூப்பர்சோனஸ்ல றெக்கை சின்னதா சுருங்கிப் போச்சு, சின்னதுன்னா அதிர்வு வேகமாகும், சுருதி ஏறும், பெரிய பறையை விடச் சின்னப் பறையில சுருதி மேல போற மாதிரி. ஆனா சின்ன பரப்பு சத்தமா பாட முடியாது, அதுதான் இங்க இருக்கிற சிக்கல், அப்புறம் எப்படி 110 டெசிபல்னு கேட்டா, பாடும்போது குழிஞ்ச வலது றெக்கையை முதுகு மேல கவுத்த மாதிரி வச்சுக்குது, றெக்கைக்கும் முதுகுக்கும் நடுவுல ஒரு சின்ன அறை உண்டாகுது, அந்த அறை சரியா அதே சுருதிக்கு எதிரொலிச்சு சத்தத்தைத் தூக்கிக் கொடுக்குது. வீணைக்குக் குடம் செய்யிற வேலையை இதுக்கு இதோட முதுகே செய்யுது. இடது றெக்கை அரத்தைத் தாங்குறதோட சரி, சத்தத்துல அதுக்குப் பங்கு கிட்டத்தட்ட இல்ல.

இந்த மாதிரி பாட்டைப் பதிவு பண்றதே ஒரு தனி வேலை. நம்ம ஃபோன்லயும் சாதாரண ரெக்கார்டர்லயும் ஒரு செகண்டுக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ சத்தத்தை அளந்து வைக்கும், அளக்கிற எண்ணிக்கையில பாதி சுருதி வரைக்கும்தான் பதிவாகும், அதாவது 22 இல்லன்னா 24 கிலோஹெர்ட்ஸ். 150 கிலோஹெர்ட்ஸ் பாட்டைப் பிடிக்கணும்னா செகண்டுக்கு 3 லட்சம் தடவைக்கு மேல அளக்கணும், மைக்கும் அதுக்குன்னே செஞ்சதா இருக்கணும். அந்தப் பாட்டோட அலைநீளம் ரெண்டேகால் மில்லிமீட்டர் சொச்சம்தான், நடுவுல ஒரு இலை வந்தாலே மறிச்சுடும், போதாக்குறைக்கு இவ்வளவு உச்சத்துல இருக்கிற சத்தத்தைக் காத்தே உறிஞ்சிடும், அதனால தூரம் போகாது. சும்மா டார்ச் அடிச்சுக்கிட்டு காட்டுக்குள்ள நடந்தா இந்தப் பூச்சி பாடாத ஊமைப் பூச்சின்னுதான் எழுதிட்டு வருவோம். எத்தனை பூச்சியை அப்படி எழுதி வச்சிருப்பாங்களோன்னு நினைச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

இப்ப விவரிக்கிறதுன்னா என்னன்னு பாப்போம், ஏன்னா கண்டுபிடிக்கிறதும் விவரிக்கிறதும் வேற வேற. காட்டுல ஒருத்தர் புதுசா ஒரு பூச்சியைப் பாத்து இது எங்கயும் இல்லாததுன்னு உறுதியா சொன்னாலும், அதுக்கு விவரணை அச்சுல வர்ற வரைக்கும் அறிவியலைப் பொறுத்தவரை அதுக்குப் பேர் கிடையாது. விலங்குப் பேர்களுக்குன்னு உலகப் பொதுவா ஒரு சட்டப் புத்தகம் இருக்கு, இப்ப நடைமுறையில இருக்கிற நாலாவது பதிப்பு 2000 ஜனவரியிலிருந்து அமல்ல இருக்கு. பேர்க் கணக்கு ஆரம்பிக்கிறது, உயிரினங்களுக்கு ரெண்டு சொல்லுப் பேர் வைக்கிற முறையை நிலைநாட்டின லின்னேயஸோட 1758ஆம் வருஷப் புத்தகத்துல, ஒரே பூச்சிக்கு ரெண்டு பேர் வந்துட்டா முதல்ல வந்த பேர்தான் நிக்கும். அதனால புதுசுன்னு சொல்றதுக்கு முன்னாடி இருநூத்தைம்பது வருஷத்துக்கு மேல வந்த விவரணையெல்லாம் தேடணும், அதுல பலது லத்தீன்லயும் ஜெர்மன்லயும் நாலே வரியில இருக்கும், அப்புறம் ஏதோ ஒரு நாட்டு மியூசியத்துல நூறு வருஷமா ஊசியில குத்தி வச்சிருக்கிற பூச்சியோட ஒப்பிட்டுப் பாக்கணும். காட்டுல ஒரு ராத்திரி, மேஜையில சில வருஷம்னு ஆயிடும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது.

அந்த ஊசியில குத்தின பூச்சிதான் ஹோலோடைப். பேரு யாருக்குன்னு கேட்டா இந்த ஒரு பூச்சிக்குன்னு கையை நீட்டிக் காட்டுறதுக்கு வச்சிருக்கிற ஒத்தை சாட்சி. புஷ் கிரிக்கெட்ல பெரும்பாலும் ஆம்பளைப் பூச்சியைத்தான் ஹோலோடைப்பா எடுப்பாங்க, அரம் இருக்கிறது அதுகிட்டதான், அதோட வால் நுனியில இடுக்கி மாதிரி ஒரு ஜோடி இருக்கும், சேரும்போது பொட்டையைப் பிடிச்சுக்கிறதுக்கு, அந்த இடுக்கியோட வளைவும் அதுல இருக்கிற முள்ளும் இனத்துக்கு இனம் மாறும், வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பூச்சியை இதை வச்சு பிரிச்சிடுவாங்க. தலைக்குப் பின்னாடி சேணம் போட்ட மாதிரி ஒரு தகடு இருக்கும், அதோட நீளம், பின்னந்தொடை நீளம், முட்டை வைக்கிற கத்தியோட நீளம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்குல எழுதணும். இடது றெக்கையைக் கழட்டித் திருப்பிப் போட்டு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல அரத்தோட பல்லை ஒண்ணொண்ணா எண்ணணும், பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடைவெளின்னு அளக்கணும். கலரை உயிரோட இருக்கும்போதே போட்டோ எடுத்து வச்சுக்கணும், செத்துக் காஞ்சா அந்தப் பச்சை நிக்காது, பழுப்பாயிடும். ஒரு காலை மட்டும் ஆல்கஹால்ல போட்டு டிஎன்ஏவுக்கு வச்சுடுவாங்க.

அப்புறம் பாட்டு. எந்தச் சுருதி, ஒரு கூவல்ல எத்தனை துடிப்பு, எவ்வளவு நேரம் விட்டு விட்டு வருது, எந்த நேரத்துல பாடுது, இதோட பதிவு பண்ணப்போ எத்தனை டிகிரி இருந்துச்சுங்கிறதையும் எழுதியே ஆகணும். பூச்சிக்குச் சொந்தமா உடம்புச் சூடு கிடையாது, குளிர்ல தசை மெதுவா வேலை செய்யும், பாட்டும் இழுத்துக்கும், டிகிரியைக் குறிக்காம விட்டுட்டா மலையில குளிர்ல பாடினதையும் கீழ சூட்டுல பாடினதையும் ரெண்டு இனம்னு யாராவது எழுதிடலாம்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பேர் வச்சு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது கோர்கோனா தீவு விஷயம். கொலம்பியாவோட பசிபிக் கரைக்கு அந்தாண்ட இருக்கிற சின்னத் தீவு, பாம்பு நிறைய, 1980கள் வரைக்கும் அங்க சிறைச்சாலை இருந்துச்சு, இப்ப தேசியப் பூங்கா. அங்க மட்டுமே இருக்கிற ஒரு புஷ் கிரிக்கெட்டுக்கு, நெத்தியில ஒரு கொம்பு வச்சிருக்கிறதுக்கு, 2010ல கோபிஃபோரா கோர்கோனென்சிஸ்னு பேர் வச்சு விவரிச்சாங்க. பாட்டு 23 கிலோஹெர்ட்ஸ் கிட்ட. ரெண்டே வருஷத்துல, 2012ல, அதே பூச்சியோட முன்னங்காலுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்த ஆராய்ச்சி சயின்ஸ் இதழ்ல வந்துச்சு: ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் காதுக்குள்ள சவ்வு இருக்கு, சவ்வோட அதிர்வை வாங்கி நெம்புகோல் மாதிரி கடத்துற ஒரு தகடு இருக்கு, அதுக்கப்புறம் திரவம் நிரம்பின ஒரு பை, அதுல எந்தச் சுருதிக்கு எந்த இடம்னு வரிசையா பிரிச்சு வாங்கிக்கிற செல்கள். நம்ம காதுல செவிப்பறை, சின்ன எலும்புங்க, நத்தை மாதிரி சுருண்ட குழாய்னு மூணு கட்டமா நடக்கிற அதே வேலை, எந்தச் சொந்தமும் இல்லாத ஒரு பூச்சியோட காலுக்குள்ள தனியா உருவாகியிருக்கு. 2022ல இன்னொண்ணு வந்துச்சு, அந்தக் காதுக் கீறலை மூடின மாதிரி இருக்கிற மடிப்பு, வவ்வால் விடுற உச்ச சுருதியை மட்டும் பெருக்கிக் கொடுக்குதுன்னு. அதாவது ஒரே காது, துணையோட பாட்டுக்கும் எமனோட சத்தத்துக்கும் வேற வேற ஏற்பாடு. இந்தப் பூச்சிக்கு 2010ல ஒருத்தர் உக்காந்து பல் எண்ணி விவரணை எழுதலன்னா இதையெல்லாம் எந்தப் பேர்ல எழுதியிருப்பாங்க? ஆராய்ச்சிக்கு எடுத்தது எந்தப் பூச்சின்னே அடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

விவரணை லேட்டா வந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கும் ஒரு கதை இருக்கு. கலிபோர்னியாவுல ஆன்டியோக்னு ஒரு ஊர்ல மணல் மேடுங்க இருந்துச்சு, செங்கல் சூளைக்கு மணலை அள்ளி அள்ளியே பெருசா அழிஞ்சு போன இடம். 1937ல அங்க பிடிச்ச ஒரு பூச்சி சேகரிப்புல அப்படியே கிடந்துச்சு. டேவிட் ரென்ட்ஸ்ங்கிற பூச்சியியலாளர் அது புது இனம்னு கண்டுக்கிட்டு அந்த மணல் மேட்டுல போய்த் தேடினா ஒண்ணுகூட இல்ல. 1977ல அவர் அதை விவரிச்சப்போ வச்ச பேர் நெடூபா எக்ஸ்டிங்க்டா. பேர்லயே அழிஞ்சு போனதுன்னு அர்த்தம். உலகத்துக்கு அறிமுகமாகும்போதே அது இல்ல. அது உயிரோட பாடினதை யாரும் பதிவு பண்ணி வைக்கல. 16.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி இப்ப சீனாவா இருக்கிற இடத்துல வாழ்ந்த ஆர்க்காபாய்லஸ் மியூசிகஸ்ங்கிற தூரத்துச் சொந்தத்தோட றெக்கை கல்லுல பதிஞ்சு கிடைச்சு, அந்த அரத்தோட பல்லை அளந்து இது 6.4 கிலோஹெர்ட்ஸ்ல பாடியிருக்கும்னு 2012ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க, டைனோசர் காலத்துப் பாட்டையே மீட்டுக் கொண்டு வந்திருக்காங்க. நாற்பது வருஷம் பெட்டியில இருந்த நெடூபாவுக்கு அந்த மணல் மேட்டுல போய் மைக் நீட்ட ஆள் இல்லாம போச்சு, எனக்கு இது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கவே முடியல.

போட்டோவை வச்சே பேர் வைக்கலாமான்னு ஒரு விவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. போர்னியோவுல டானம் பள்ளத்தாக்குல ஒரு இலை மாதிரி புஷ் கிரிக்கெட், பொட்டை நல்ல ரோஸ் கலரு, ஆம்பளை பச்சை, பிடிக்கிறதுக்கு பர்மிட் இல்லாததால போட்டோவோட விட்டுட்டு வந்து, அந்தப் படங்களை வச்சே யூலோஃபோஃபில்லம் கிர்கைன்னு விவரிச்சாங்க. பர்மிட் இல்லாம பிடிக்காம விட்டது ரொம்பச் சரி, ஒரு நாட்டுக் காட்டுல அதுதான் மரியாதை. ஆனாலும் என் கருத்து, இந்தக் குடும்பத்துக்கு போட்டோ போதாது, படத்துல அரத்துப் பல்லை எண்ண முடியாது, பாட்டு சுத்தமா கிடையாது. பிடிக்க முடியலன்னா குறைஞ்சது ஒரு நிமிஷப் பதிவாவது எடுத்துட்டு வரணும்.

ஏன் பாட்டுன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பக்கத்துலயே அதுக்குச் சாட்சி இருக்கு. மெகோபோடான்னு ஒரு பேரினம், தென்னிந்தியக் காட்டுலயும் புதர்க்காட்டுலயும் இருக்கிறது, காஞ்ச இலை மாதிரியும் பச்சை இலை மாதிரியும் ரெண்டு நிறத்துலயும் வரும், அதுல ஒரு இனத்துக்கு லின்னேயஸே 1758ல பேர் வச்சிட்டார், அவ்வளவு பழைய ஆள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் இதோட பாட்டைப் பதிவு பண்ணி 2006ல எழுதினாங்க. உருவத்தை வச்சுப் பிரிக்கவே முடியல, ஆனா பாட்டு அஞ்சு விதம், அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத தாளம். அவங்க வச்ச பேரைக் கேட்டாலே பாட்டு காதுல விழும்: ஹெலிகாப்டர், ட்ரெயின், டூ பார்ட், சிர்ப்பர், டபுள் சிர்ப்பர். ஊசியில குத்தி வரிசையா அடுக்கினா ஒரே பூச்சி, ராத்திரியில உக்காந்து கேட்டா அஞ்சு பூச்சி. பொட்டைக்குத் தேவை எது? இருட்டுல அதுக்கு ஆம்பளையோட உருவம் எங்க தெரியப் போகுது, பாட்டைக் கேட்டுத்தான் தேடிப் போகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலயே ஓனோமார்கஸ் யூனினோடேட்டஸ்னு ஒண்ணு மர உச்சியில உக்காந்து 3.2 கிலோஹெர்ட்ஸ்ல பாடும், இந்தக் குடும்பத்துல ரொம்பத் தாழ்ந்த சுருதிகள்ல ஒண்ணு, சூப்பர்சோனஸுக்கு நேர் எதிர்ப் பக்கம். அதே மலையில மெகாடெர்மாங்கிற வவ்வால் இந்தப் பூச்சிகளைப் பிடிச்சுத் திங்குது, பாடுற ஆம்பளைதான் மாட்டிக்கும்னுதான் யாரும் நினைப்போம், ஆனா 2015ல ரோகிணி பாலகிருஷ்ணன் குழு வெளியிட்ட ஆய்வுல சத்தமே போடாத பொட்டைதான் அதிகமா மாட்டுதுன்னு தெரிஞ்சுது, பாட்டைத் தேடி இடம் விட்டு இடம் போறது அதுதானே, ஆபத்து அந்தப் பயணத்துல இருக்கு.

மெகோபோடா பாட்டுக்கு விசேஷ மைக் எதுவும் வேண்டாம், நம்ம காதுக்கே கேக்கும், ஃபோன்லயும் பதிவாகும். மழைக்கு அப்புறம் காட்டோரம், தோட்டத்து வேலியோரம் எங்கயாவது இருட்டினதும் கேட்டீங்கன்னா ஃபோனைப் புதர் பக்கமா நீட்டி ரெண்டு நிமிஷம் அசையாம நில்லுங்க, பதிவுல உங்க குரல்லயே ஊர் பேரு, தேதி, மணி, எத்தனை டிகிரிங்கிறதைச் சொல்லிடுங்க, டார்ச் அடிச்சீங்கன்னா பாட்டை நிறுத்திடும், கொஞ்ச நேரம் பொறுத்தா மறுபடி எடுக்கும். சீராச் சுத்துற ஃபேன் மாதிரி விடாம ஓடுதா, விட்டு விட்டு வெட்டி வெட்டி வருதான்னு மட்டும் அப்பவே ஒரு வரி எழுதி வச்சுக்கங்க.